எந்த மணி, எந்த உயரம், எந்தச் சரிவு: வடகிழக்கு மலைகளின் பனி நிலவரத்தைப் படிப்பதும் எழுதுவதும்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒரு பனிச்சறுக்கு (ஸ்கீ) தடத்தில், பனியை அரைத்துச் சமன்படுத்த இரவு முழுக்க ஓடிய குரூமர் இயந்திரம் விட்டுப்போன வரிவரியான மெத்தைப் பனி இருக்கும். பதினொரு மணிக்கு அதே தடத்தின் நடுவில் சாம்பல் நிற ஐஸ் தெரியும். உதிரிப் பனியெல்லாம் இரு ஓரங்களிலும் குவிந்து கிடக்கும். மதியம் இரண்டு மணிக்கு வெயில் பட்ட கீழ்ப்பாதி இளகியிருக்கும், மேல்பாதி இறுகியே இருக்கும். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், நியூயார்க்கின் அடிரோண்டாக் மலைகள் என்று அமெரிக்காவின் வடகிழக்கில் எங்கே போனாலும் இதுதான் நடைமுறை. அதனால் “இன்று ஸ்னோ சூப்பர்” என்று யாராவது எழுதினால் அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த மணிக்கு, எந்த உயரத்தில், எந்தத் திசையைப் பார்த்த சரிவில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது தகவல்.

பாஸ்டனிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ மொன்றியாலிலிருந்தோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பல மணி நேரம் ஓட்டிப்போகிற குடும்பங்களுக்கு இது பணத்தையும் உடம்பையும் சேர்த்த விஷயம். டிக்கெட் விலை ஐஸுக்காகக் குறையாது. பனி எப்படி இருக்கும் என்று தெரியாமல் வேகமாக இறங்கினால் மணிக்கட்டு முறியலாம், முழங்கால் திருகிக்கொள்ளலாம்.

ரிசார்ட் தருகிற அறிக்கையை நம்பலாமா? டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த பொருளாதார அறிஞர்கள் ஜோனதன் ஜின்மன், எரிக் ஜிட்ஸவிட்ஸ் இருவரும் இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்தார்கள். ரிசார்ட்டுகள் அறிவித்த புதுப்பனி அளவு வார நாட்களைவிட வார இறுதியில் 23 சதவீதம் அதிகமாக இருந்தது. அரசு வானிலைக் கணக்கில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. மேகத்துக்குக் கிழமை தெரியாது. அவர்களின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஸ்கீ செய்பவர்கள் மலையில் இருந்தபடியே நிலவரத்தை எழுத ஐஃபோனில் வசதி வந்ததும் இந்த மிகை வெகுவாகக் குறைந்தது; சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மலைகளில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. சாதாரண ஆட்கள் எழுதுகிற நான்கு வரிக்கு அவ்வளவு வலு இருக்கிறது. அந்த நான்கு வரியைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

முதலில் அறிக்கையில் வரும் சொற்கள். ‘பவுடர்’ என்றால் யாரும் மிதிக்காத, இயந்திரம் தொடாத புதுப்பனி. ‘பேக்டு பவுடர்’ என்றால் அதுவே ஆட்களாலோ இயந்திரத்தாலோ அழுத்தப்பட்டது; சறுக்குப் பலகையின் விளிம்பு நன்றாகப் பிடிக்கும். மழையோ இளக்கமோ வந்து மறுபடி உறைந்த பனி துகள் துகளாக மாறிவிடும். அதை இயந்திரம் அரைத்து உதிர்த்தால் ‘லூஸ் கிரானுலர்’. அரைக்காமல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகினால் ‘ஃப்ரோஸன் கிரானுலர்’. இதையும் ஐஸையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. கைக்கோலை ஓங்கிக் குத்துங்கள். கோல் இறங்கி நின்றால் அது ஃப்ரோஸன் கிரானுலர். சில்லு தெறித்து, கோல் நிற்காமல் சாய்ந்தால் ஐஸ். பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் ஐஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஃப்ரோஸன் கிரானுலரில் கூரான விளிம்போடு நன்றாகவே திரும்ப முடியும். உண்மையான ஐஸில் யாருக்கும் கடினம்.

‘வேரியபிள்’ என்று போட்டிருந்தால் ஒரே தடத்தில் மூன்று நான்கு வகைப் பனி இருக்கிறது என்று பொருள். ‘ஃபர்ம் அண்ட் ஃபாஸ்ட்’ என்றால் கடினத் தரை. ஜனவரியில் ‘ஸ்பிரிங் கண்டிஷன்ஸ்’ என்று வந்தால் மழை பெய்திருக்கிறது. திறந்திருக்கும் தடங்களின் எண்ணிக்கையும் ஏமாற்றும். மேலிருந்து கீழ்வரை போகும் ஒரே தடத்தை மேல், நடு, கீழ் என்று மூன்றாக எண்ணுவது இங்கே பழக்கம். ஏக்கர் கணக்கோ மைல் கணக்கோ கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். அடித்தளப் பனி ‘18–36 அங்குலம்’ என்றிருந்தால் சிறிய எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். பெரிய எண் பெரும்பாலும் செயற்கைப் பனியைப் பீய்ச்சும் பனித் துப்பாக்கிக்கு அடியில் குவிந்த மேடாகத்தான் இருக்கும்.

புதுப்பனி அளவில் இரண்டு இடங்களில் கணக்கு பிசகும். ஒன்று அளக்கும் முறை. வெள்ளை பெயிண்ட் அடித்த சதுரப் பலகையைக் காற்று படாத இடத்தில் வைத்து, விழுந்த பனியை அளந்து, பிறகு துடைத்து மறுபடி வைக்க வேண்டும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் விதிப்படி ஆறு மணி நேரத்துக்குள் இரண்டாம் முறை துடைக்கக் கூடாது. விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கும் என்பதுதான் காரணம். மணிக்கொரு முறை துடைத்துத் துடைத்துக் கூட்டினால், அதே புயலுக்குக் கணிசமாகக் கூடுதல் எண் கிடைக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு மலைகளின் ‘24 மணி நேர அளவு’ ஒப்பிட முடியாததாகிவிடும்.

இரண்டாவது, பனியில் உள்ள நீரின் அளவு. பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஒரு அங்குலம் நீர் கிடைத்தால் அதன் விகிதம் பத்துக்கு ஒன்று. கடலோரப் புயலில் விழும் பனி ஏறக்குறைய இப்படி இருக்கும். வடக்கு வெர்மான்ட்டில் குளிர்ந்த வடமேற்குக் காற்றில் விழும் மெல்லிய பனி முப்பதுக்கு ஒன்று வரைகூடப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 அங்குல மெல்லிய பனியில் 0.4 அங்குல நீர்தான்; 6 அங்குலக் கனத்த பனியில் 0.6 அங்குலம். அடியில் ஐஸ் இருந்தால் அந்த 12 அங்குலத்தைக் கிழித்துக்கொண்டு சறுக்குப் பலகை நேரே ஐஸைத் தொடும். 6 அங்குலக் கனத்த பனி அதை மூடிவிடும். அதனால் ‘எத்தனை அங்குலம்’ என்பதோடு ‘அடியில் பழைய தரை தட்டியதா’ என்று ஒரு வரி எழுதினால், படிப்பவருக்கு அங்குலத்தைவிட அது அதிகம் உதவும். வரிசையும் முக்கியம். புயல் சூடாகத் தொடங்கிக் குளிர்ந்து முடிந்தால் கனம் கீழே, மென்மை மேலே. சறுக்க அருமையாக இருக்கும். தலைகீழாக, மென்மையின் மேல் கனம் விழுந்தால் பலகையின் முனை புதையும், முழங்காலைத் திருகும்.

புயல் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் இந்தப் பகுதியின் தலையெழுத்தே இருக்கிறது. நார் ஈஸ்டர் என்று சொல்லப்படும் கடலோரப் புயலைக் கணிக்கும்போது வானிலையாளர்கள் நாண்டக்கெட் தீவுக்குத் தென்கிழக்கே 40 பாகை வடக்கு, 70 பாகை மேற்கு என்ற புள்ளியை அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். புயலின் தாழ்வு மையம் அந்தப் புள்ளியை ஒட்டிப் போனால் பாஸ்டன் இருக்கும் தெற்கு நியூ இங்கிலாந்துக்கு நல்ல பனி. வடக்கு மலைகள் ஓரத்தில்தான் இருக்கும். அதைவிடக் கரையை நெருங்கிப் போனால் பாஸ்டனில் மழை, மலைகளில் கனத்த பனி. ஹட்சன் பள்ளத்தாக்கு வழியாகவோ செயின்ட் லாரன்ஸ் ஆற்றை ஒட்டியோ போனால் சூடான தெற்குக் காற்று மலைகளையே வந்தடையும், உச்சிவரை மழைதான். கணிப்பு வரைபடத்தில் மையம் நூறு கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தால் வார இறுதியே மாறிவிடும். ஆகவே நான்கு நாள் முன்பே ‘இருபது அங்குலம்’ என்று பரப்புவதில் அர்த்தமில்லை.

புயல் போன பிறகு வருகிற பனிதான் வடக்கு வெர்மான்ட்டின் தனிச் சொத்து. புயலுக்குப் பின்னால் வீசும் ஈரமான வடமேற்குக் காற்று பசுமை மலைத்தொடரில் மோதி மேலேறும். ஏறும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டும். ஜே பீக், ஸ்மக்லர்ஸ் நாட்ச், ஸ்டோ ஆகிய ஸ்கீ மலைகள் மூன்றும் இதில் வாழ்கின்றன. பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும்போது மலையில் ஆறு அங்குலம் விழுந்திருக்கும். பனி எங்கே விழும் என்பதைக் காற்றின் வேகமும் காற்றடுக்கின் நிலைத்தன்மையும் முடிவு செய்கின்றன. இரண்டையும் ஒப்பிடுவது ஃப்ரூட் எண். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் காற்று மலையைத் தாண்ட முடியாமல் தேங்கி, பனி மேற்கு அடிவாரத்திலேயே விழும். ஒன்றை ஒட்டி இருந்தால் முகட்டில். ஒன்றுக்கு மேலே போனால் முகட்டைத் தாண்டிக் கிழக்கே. பர்லிங்டன் வானிலை அலுவலகம் எழுதும் கணிப்பு விளக்கத்தில் இதைப் பற்றி அடிக்கடி வரும். அந்த விளக்கத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலி காட்டும் சின்னப் படம் ஊருக்கானது, மலைக்கானதல்ல. தெற்கு வெர்மான்ட்டுக்கு ஆல்பனி அலுவலகம், நியூ ஹாம்ப்ஷயருக்கும் மேற்கு மெய்னுக்கும் கிரே அலுவலகம். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளுக்கு மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் உச்சிகளுக்கென்றே தனிக் கணிப்பு வெளியிடுகிறது. 1934 ஏப்ரல் 12-ல் மணிக்கு 231 மைல் காற்றை அளந்த இடம் அது; காற்றைப் பற்றி அவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்.

காற்று ஏன் முக்கியம்? ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் நின்றுவிடும். மெய்னில் ஷுகர்லோஃப், நியூயார்க்கில் வைட்ஃபேஸ், நியூ ஹாம்ப்ஷயரில் கேனன் போன்ற திறந்த உச்சிகளில் பலத்த காற்று வந்தால் மேல் லிஃப்ட்டுகளை ஓட்ட மாட்டார்கள். அப்போது கீழ் லிஃப்ட்டுகளில் கூட்டம் சேரும், அந்தத் தடங்கள் இரண்டு மணி நேரத்தில் சுரண்டப்பட்டுவிடும். நிலவரம் எழுதும்போது எந்த லிஃப்ட் எத்தனை மணிக்கு நின்றது, மறுபடி எப்போது ஓடியது என்று எழுதுங்கள். அடுத்த முறை அதே திசைக் காற்று வரும்போது அந்தக் குறிப்பு உதவும். குளிரையும் காற்றோடு சேர்த்தே சொல்ல வேண்டும். -15 செல்சியஸில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது -27. மூடாத மூக்கும் கன்னமும் அரை மணி அளவில் உறைகாயம் படக்கூடும். பிள்ளைகளோடு லிஃப்ட் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

செயற்கைப் பனி இல்லாமல் இங்கே ஸ்கீ தொழிலே இல்லை. இந்த யோசனை பிறந்ததும் வடகிழக்கில்தான். கனெக்டிகட்டில் டே நிறுவனத்தின் பொறியாளர்கள் 1950-ல் அழுத்தக் காற்றையும் நீரையும் சேர்த்துப் பீய்ச்சிப் பனி செய்தார்கள். 1980-ல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் செயற்கைப் பனி முதல்முறையாகப் பயன்பட்டது. இறங்கு பந்தயங்கள் நடந்த மலை வைட்ஃபேஸ். பனித் துப்பாக்கிக்கு வெப்பமானி காட்டுவது முக்கியமல்ல, காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் முக்கியம். அது -2 செல்சியஸுக்கு மேல் இருந்தால் நீர் நீராகவே விழும். காற்று வறண்டிருந்தால் லாபம்: 0 பாகையிலும் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் ஏறக்குறைய -4-க்கு இறங்கிவிடும், துப்பாக்கி ஓடும். ஒரு ஏக்கரை ஒரு அடி ஆழத்துக்கு மூட ஒன்றரை லட்சம் கேலனுக்கு மேல் நீர் வேண்டும். குளத்தில் நீர் குறைந்தால் குளிர் இருந்தும் பயனில்லை.

செய்த பனியை உடனே பரப்பக் கூடாது. திமிங்கல முதுகு போலக் குவித்து ஓரிரு நாள் விட்டால் மிச்ச நீர் வடியும். வடிவதற்கு முன்பே பரப்பினால் ஒரே இரவில் கான்கிரீட் ஆகிவிடும். நவம்பரில் அவசரமாகத் திறக்கும் தடங்களில் ஐஸ் வருவதற்கு இதுதான் முதல் காரணம். ஆனால் நன்றாக வடிந்த செயற்கைப் பனி இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தி. மழைக்கு எளிதில் கரையாது. ஜனவரி இளக்கம் வந்து போன பிறகு எந்தத் தடங்கள் உயிரோடு இருக்கும் என்று கணிக்க, எந்தத் தடங்களில் செயற்கைப் பனிக்கான குழாய் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.

இனி மழையும் மறு உறைவும். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பருவத்திலும் பலமுறை நடக்கும். மழை பெய்வதால் மட்டும் பனி கெடுவதில்லை. ஆழமான பனி நீரை உறிஞ்சி வடித்துவிடும். கெடுப்பது அதன் பின்னால் வரும் குளிர் முகப்பின் வேகம். ஆறு மணி நேரத்தில் 15 பாகை இறங்கினால் நீர் வடிய நேரமில்லை. மேல் அடுக்கே கண்ணாடி ஆகிவிடும். மெதுவாக, ஒன்றரை நாளில் இறங்கினால் துகள் பனி கிடைக்கும். குரூமர் ஓட்டுநருக்கும் இது சோதனை. ஈரம் வடியும் முன் அரைத்தால் மாவு போல் குழைந்து இறுகும். முழுக்க இறுகிய பிறகு அரைத்தால் முஷ்டி அளவு கட்டிகள் உருளும். டெத் குக்கீஸ் என்று இங்கே பயத்தோடு சொல்வது இதைத்தான். பலகை அதில் ஏறினால் திசை மாறிவிடும். இடையில் சில மணி நேரம்தான் சரியான பதம். அதனால் உறைந்த முதல் நாள் வீட்டில் இருப்பதே மேல். இரண்டாம் இரவு மறுபடி அரைத்த பிறகு அதே தடம் வியக்கத்தக்க அளவு மேம்படும். போயே ஆக வேண்டுமென்றால் முதல் இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்துங்கள். கூட்டம் உதிரிப் பனியைத் தள்ளிய பிறகு தடத்தின் ஓரங்களில் சறுக்குங்கள், மரங்களை ஒட்டி விடாமல்.

பலகையின் விளிம்பு அடியில் 1 பாகை, பக்கத்தில் 2 பாகை கோணத்தில் தீட்டப்பட்டிருந்தால் இந்தத் தரைக்குப் போதும். பந்தயக்காரர்கள் பக்கத்தில் 3 வைப்பார்கள். ஈர நாளுக்குப் பிறகு துணியால் துடைக்காவிட்டால் காரில் ஊர் திரும்புவதற்குள் துரு பிடிக்கும். கல்லில் பட்ட பிசிறை வைரக்கல்லால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் தீட்ட வேண்டும். அகலம் 75-லிருந்து 88 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விளிம்பு மாற்றம் சுலபம். நூறு மில்லிமீட்டர் பலகை மேற்கு மாநிலங்களின் பவுடருக்கானது.

மரங்களுக்கிடையே சறுக்க விரும்புகிறவர்களுக்கு வெர்மான்ட்டில் ஒரு நம்பகமான எண் இருக்கிறது. 4,393 அடி உயர மான்ஸ்ஃபீல்ட் மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவுக்கோலில் 1954 முதல் பனி ஆழம் பதிவாகி வருகிறது. அதில் 40 அங்குலம் தாண்டினால்தான் காடு சறுக்கத் தகுதி என்பது உள்ளூர் விதி. அதற்கு முன் போனால் விழுந்த மரங்களும் பாறைகளும் ஓடைக்குழிகளும் பனித்தோலுக்கு அடியில் காத்திருக்கும். 1969 ஏப்ரல் தொடக்கத்தில் அந்தக் கோலில் 149 அங்குலம் பதிவானது. அதுதான் இன்றுவரை உச்சம். மேட் ரிவர் கிளென் போன்ற, பெரும்பாலும் இயற்கைப் பனியையே நம்பும் மலைகளுக்கும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. காட்டைப் பற்றி எழுதும்போது நுழைவாயிலைத் துல்லியமாகச் சொல்ல வேண்டியதில்லை; தரை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். எல்லைக்கயிற்றைத் தாண்டிப் போய்த் தொலைந்தால் தேடும் செலவை வெர்மான்ட் சட்டப்படி உங்களிடமே கேட்க முடியும். வழி தெரியாதவரை அங்கே இழுக்கும் குறிப்பு அவருக்குச் செய்யும் உதவி அல்ல.

நல்ல நிலவரக் குறிப்பு இவ்வளவு சுருக்கமாக இருக்கலாம்: “செவ்வாய், காலை 9 முதல் 12.30 வரை. அடிவாரம் -6, உச்சி -13, வடமேற்குக் காற்று. 3,000 அடிக்கு மேல் 4 அங்குல மெல்லிய புதுப்பனி, செங்குத்துகளில் அடித்தரை தட்டியது. 2,000 அடிக்குக் கீழே ஒரு அங்குலம்தான். குரூம் செய்த தடங்கள் 11 வரை பேக்டு பவுடர், பிறகு நடுவில் கடினம். உச்சி லிஃப்ட் 10.15-க்கு நின்றது, நான் கிளம்பும்வரை ஓடவில்லை. வரிசை ஐந்து நிமிடத்துக்குள். காட்டில் இன்னும் புதர் தெரிகிறது.” புகைப்படம் போடுவதானால் உங்கள் முகத்தை அல்ல, பலகையின் முனை பனியில் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் காட்டுங்கள், தடத்தின் பெயரும் நேரமும் சேருங்கள். மேக நாளில் வெள்ளைத் தரை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், படம் பொய் சொல்லும். அன்று சொல்லில் எழுதுவதே மேல்.

எத்தகைய நாளில் போனீர்கள் என்பதும் தகவல்தான். மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை, பிரெசிடென்ட்ஸ் விடுமுறை வாரம் இரண்டிலும் கூட்டத்தால் எந்தத் தடமும் மதியம்வரை தாங்காது. அந்த நாளின் குறிப்பை வைத்து வெறிச்சோடிய புதன்கிழமையைக் கணிக்க முடியாது.

மார்ச் கடைசியில் விதிகள் மாறும். இரவு உறைந்து பகலில் இளகும் பனி, திரும்பத் திரும்ப உறைந்து சோளமணி அளவு துகள்களாகும். கார்ன் ஸ்னோ என்பார்கள், குளிர்காலத்தின் மிக எளிய, மிக இன்பமான தரை. கிழக்கைப் பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. வடக்கு சில நாள் இளகவே இளகாது. வெயிலைத் தொடர்ந்து சரிவு மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு அங்குலம் இளகியதும் தொடங்கி, கணுக்கால் புதையும் முன் வேறு சரிவுக்குப் போய்விட வேண்டும். முந்தின இரவு உறையவில்லை என்றால் காலையிலேயே சகதிதான். வெர்மான்ட்டின் கில்லிங்டனில் சூப்பர்ஸ்டார் தடத்தில் குளிர்காலம் முழுக்கக் குவித்த செயற்கைப் பனி பல ஆண்டுகளில் மே மாதம் தாண்டியும் நிற்கிறது. அங்கே அந்தக் காலத்தில் மேடுபள்ளம்தான் முழுக்க.

மவுண்ட் வாஷிங்டனின் டக்கர்மன் பள்ளத்தாக்குக்கு ஏப்ரல், மே மாதங்களில் நடந்தே ஏறுபவர்கள் மவுண்ட் வாஷிங்டன் பனிச்சரிவு மையத்தின் அன்றைய அறிவிப்பைப் படிக்காமல் ஏறக் கூடாது. அங்கே லிஃப்ட் இல்லை, குரூமர் இல்லை. பனிச்சரிவு அபாயம் குறைந்த பிறகும் மேலிருந்து ஐஸ் பாளங்கள் விழும், பனிக்கு அடியில் நீர் ஓடிக் குடைந்திருக்கும், பிளவுகள் திறந்திருக்கும். பள்ளத்தாக்கின் மேல்முனையில் செங்குத்தாக நிற்கும் தலைச்சுவர் கிழக்கு, தென்கிழக்கைப் பார்த்தது. பிற்பகலில் வெயில் விலகியதும் இளகிய பனி விறுவிறுவென்று இறுகும். அதன்மேல் விழுந்தவர் பள்ளத்தின் அடிவரை நிற்காமல் வழுக்கிப் போவார். டக்கர்மன் குறிப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத வேண்டியவை இரண்டு நேரங்கள்: எத்தனை மணிக்கு இளகியது, எத்தனை மணிக்கு நிழல் விழுந்தது.